கம்பெனி மூடியது, சம்பளம் வரவில்லை: துபாயில் பாக்கிக்காக அலைந்தபோது தெரிந்துகொண்டவை

2024ல் நான் வேலை பார்த்த கம்பெனி நான்கு மாதச் சம்பளத்தைப் பாக்கி வைத்துவிட்டு மூடிக்கொண்டது. எனக்கு வரவேண்டியது மொத்தம் 46,750 திர்ஹம். அதில் 20,000 திர்ஹம்தான் கைக்கு வந்தது, அதுவும் கம்பெனி கொடுத்ததில்லை. மீதி 26,750 திர்ஹம், அன்றைய மதிப்பில் ஆறு லட்சம் ரூபாய்க்கு மேல், இன்றுவரை தீர்ப்புத் தாளில் மட்டும் இருக்கிறது. அந்த மாதங்களில் எதைச் செய்யலாம், எதில் கையெழுத்துப் போடக்கூடாது என்று உட்கார வைத்துச் சொல்ல எனக்கு ஒருவரும் இல்லை. அறையில் ஒருவர் ஒன்று சொன்னார், வாட்ஸ்அப்பில் இன்னொருவர் அதற்கு நேர்மாறாகச் சொன்னார். இப்போது அதே நிலையில் இருக்கும் தம்பிகள் என்னிடம் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. இதில் வரும் விதிகள் எல்லாம் என் வழக்கு நடந்த சமயத்தில் இருந்தவை. இங்கே சட்டம் அடிக்கடி மாறும் என்பதால் தொகையையும் கெடுவையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அல் கூஸ் பகுதியில், கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் உள் அலங்கார வேலை எடுத்துச் செய்யும் ஒரு கம்பெனியில் 2017ல் டிராஃப்ட்ஸ்மேனாகச் சேர்ந்தேன். கடைசியாக என் சம்பளம் 6,000 திர்ஹம், அதில் அடிப்படைச் சம்பளம் 3,500. குடியிருப்பு ஷார்ஜா அல் நஹ்தாவில். மனைவியும் இரண்டாம் வகுப்பு படிக்கும் மகளும் என் விசாவில் கூடவே இருந்தார்கள். ஏழு வருடத்தில் சம்பளம் இரண்டு மூன்று நாள் தள்ளி வந்ததுண்டு, வராமல் போனதில்லை. அதனால் பிப்ரவரி மாதச் சம்பளம் மார்ச் பாதி தாண்டியும் வராதபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கிளையன்ட் பணம் நிற்கிறது, ரமலான் மாதம், எல்லாம் மெதுவாகத்தான் நடக்கும் என்றார்கள். ஏப்ரல் 10 பெருநாள், அதற்குள் இரண்டு மாதமும் சேர்த்து வந்துவிடும் என்று கணக்குப் பிரிவிலிருந்து வாய்வார்த்தை வந்தது. பெருநாளும் வந்தது, பணம் வரவில்லை. அடுத்த வாரம், ஏப்ரல் 16ஆம் தேதி, அந்தப் பெருமழை. 1949ல் பதிவு தொடங்கியதிலிருந்து அமீரகத்தில் பெய்த மிகப் பெரிய மழை அது. எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றது, நாட்கணக்கில் வீட்டை விட்டு இறங்க முடியவில்லை. வேலைக்குத் திரும்பியபோது கம்பெனிக்குப் புதுக் காரணம் கிடைத்திருந்தது: கிடங்கில் மரமெல்லாம் நனைந்துவிட்டது, காப்பீட்டுப் பணம் வரட்டும், எல்லோருக்கும் செட்டில் பண்ணிவிடுகிறோம்.

இங்கே ஒரு விஷயம். அமீரகத்தில் சம்பளம் டபிள்யூபிஎஸ் என்ற முறை வழியாகத்தான் வரவேண்டும். 2009லிருந்து நடப்பில் இருக்கிறது. யாருக்கு எவ்வளவு போனது, போகவில்லை என்பது மனிதவள அமைச்சகத்துக்குக் கணினியிலேயே தெரியும். சம்பளத் தேதியிலிருந்து 15 நாள் தாண்டினாலே அது சட்டப்படி தாமதம். நாம் புகார் கொடுத்தால்தான் அரசுக்குத் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், அது அப்படியில்லை. இன்னொன்று, பெயர் கம்பெனிக்குத் தெரியாமல் சம்பளத் தாமதத்தை மட்டும் தெரிவிக்க மனிதவள அமைச்சகத்தின் செயலியிலேயே தனி வசதி இருக்கிறது. மோஹ்ரே என்று எல்லோரும் சொல்வது இந்த அமைச்சகத்தைத்தான். இது தெரிந்திருந்தால் ஏப்ரல் மாதமே எங்களில் பாதிப்பேர் தெரிவித்திருப்போம். எங்களிடையே பேச்செல்லாம் வேறுமாதிரி இருந்தது. புகார் கொடுத்தால் அப்ஸ்காண்டிங், அதாவது வேலையை விட்டு ஓடிவிட்டான் என்ற அறிக்கை, போட்டுவிடுவார்கள், லேபர் பேன் என்ற வேலைத் தடை விழும், வேறு எங்கேயும் வேலை கிடைக்காது, விமான நிலையத்தில் பிடிப்பார்கள். இதைச் சொன்னவர்களில் ஒருவர்கூடத் தன் வாழ்க்கையில் புகார் கொடுத்தவர் இல்லை. ஆனாலும் அந்தப் பேச்சு நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. இரவில் தூக்கமில்லை. மகள் ஸ்கூல் வேனுக்குக் காத்திருக்கும்போது, இந்தக் காலாண்டு ஃபீஸை எப்படிக் கட்டப்போகிறோம் என்று அவள் தலையைப் பார்த்துக்கொண்டே நிற்பேன்.

மே மாதக் கடைசியில் எங்களை ஒவ்வொருவராக மீட்டிங் அறைக்குக் கூப்பிட்டார்கள். கம்பெனியின் விசா, லேபர் வேலைகளைப் பார்க்கும் பிஆர்ஓ உட்கார்ந்திருந்தார். மேஜையில் எனக்காக இரண்டு தாள்கள். முதலாவது ஆங்கிலத்தில் ஏற்கெனவே அடித்து வைத்த ராஜினாமாக் கடிதம், சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன் என்று. என் பெயரும் தேதியும் உட்பட எல்லாம் தயார், கையெழுத்துக்கு மட்டும் கோடு. இரண்டாவது லேபர் கார்டு, அதாவது வேலை அனுமதி, ரத்துக்கான படிவம், ஒரு பக்கம் அரபி, ஒரு பக்கம் ஆங்கிலம். அதில் நடுவில் ஒரு வரி: எனக்குச் சேரவேண்டிய எல்லாத் தொகையும் பெற்றுக்கொண்டேன். 'இது சும்மா ஃபார்மாலிட்டி. இதைப் போட்டால்தான் விசா கேன்சல் ஆகும், கேன்சல் ஆனால்தான் செட்டில்மென்ட் வரும்' என்றார் பிஆர்ஓ. போனில் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். கூடாது என்று தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பணம் கணக்கில் ஏறட்டும், அன்றே வந்து கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். கால் நடுங்கியது. இந்தத் துணிச்சல் எனக்குத் தானாக வந்ததில்லை. முந்தைய வருடம் வேலையை விட்டுப் போன ஒரு மலையாளி கணக்கர், பணம் வாங்காமல் அந்த வரியின் கீழே கையெழுத்துப் போடாதே என்று ஒருமுறை பேச்சுவாக்கில் சொன்னது காதில் இருந்தது.

வெளியே காத்திருந்த மூத்த ஃபோர்மேன் ஒருவர், எங்களூர்ப் பக்கத்துக்காரர், 'தம்பி, இவங்ககிட்ட மல்லுக்கட்டி ஆகாது. போட்டுட்டு ஊருக்குப் போய்ச் சேருவோம்' என்றார். 'அண்ணே, பணம் வரட்டும், ரெண்டு நாள் பொறுங்க' என்று சொல்லிப் பார்த்தேன். மகள் கல்யாணத்துக்குத் தேதி வைத்திருந்தார், அவரால் பொறுக்க முடியவில்லை. இரண்டு தாளிலும் கையெழுத்துப் போட்டார். அவருக்கு 14 வருட சர்வீஸ். டிக்கெட்டும் 2,000 திர்ஹமும் கையில் கொடுத்து அனுப்பினார்கள், மீதி வங்கியில் போடுவோம் என்றார்கள். வரவில்லை. அந்த மனுஷனை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

அந்த இரண்டு தாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பணமெல்லாம் அங்கேதான் போகிறது. சட்டப்படி, வேலை முடிந்த நாளிலிருந்து 14 நாளுக்குள் கம்பெனி எல்லாப் பாக்கியையும் தீர்க்க வேண்டும். எல்லாம் பெற்றேன் என்று எழுதிக் கொடுத்தபின் புகாரே கொடுக்க முடியாது என்றில்லை. ஆனால் பெறவில்லை என்று நிரூபிக்கும் சுமை நம் தலையில் ஏறிவிடுகிறது, ஊருக்குப் போய்விட்டால் அதைச் சுமக்க ஆளில்லை. ராஜினாமாக் கடிதம் வேறு வகையில் கெடுதல். 2023 ஜனவரியிலிருந்து தனியார் ஊழியர் எல்லோரும் கட்டாயமாகச் சேரவேண்டிய வேலையிழப்புக் காப்பீடு ஒன்று இருக்கிறது, ஐஎல்ஓஇ என்பார்கள். கம்பெனி நம்மை நிறுத்தினால் மட்டும்தான் அது பணம் தரும், நாமே விலகினால் ஒன்றும் கிடையாது. 'சொந்தக் காரணங்களுக்காக' என்ற ஒரு வரியால் எங்கள் சைட் பையன்கள் பலருக்கு அந்தப் பணமும் போனது. ஆகவே எந்தத் தாளை நீட்டினாலும், முதலில் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்கக் கேளுங்கள். மறுத்தால் எந்தத் தாளில் என்ன வரி இருந்தது என்று வெளியே வந்ததும் உங்கள் போனிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அரபியில் மட்டும் இருக்கும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். பாஸ்போர்ட் உங்களிடம் இருக்க வேண்டும், கம்பெனி அதை வைத்துக்கொள்ள இங்கே சட்டம் இடம் தரவில்லை.

கையெழுத்துப் போடாமல் வந்தபின் எனக்கிருந்த பெரிய பயம் அப்ஸ்காண்டிங்தான். தொடர்ந்து ஏழு நாளுக்கு மேல் தகவலில்லாமல் வேலைக்கு வரவில்லை என்றால் கம்பெனி அப்படி ஒரு அறிக்கை கொடுக்கலாம். அது விழுந்துவிட்டால் ஐஎல்ஓஇ பணமும் கிடைக்காது. அதனால் தினமும் காலையில் வழக்கம்போல அல் கூஸுக்குப் போனேன். மெட்ரோவுக்கும் பஸ்ஸுக்கும் கொடுக்கப் பணமில்லாத நேரத்தில் அது வலித்தது. அலுவலகம் பூட்டியிருந்தால் பூட்டிய கதவையும் மேலே இருக்கும் பெயர்ப்பலகையையும் சேர்த்துப் படம் எடுத்து, 'வேலைக்கு வந்தேன், அலுவலகம் பூட்டியிருக்கிறது' என்று மேனேஜருக்கும் ஹெச்ஆருக்கும் சொந்த மின்னஞ்சலிலிருந்து ஒரு வரி அனுப்பிவிடுவேன். பதில் வராது. பதில் எனக்குத் தேவையும் இல்லை, தேதியோடு பதிவு இருந்தால் போதும். புகார் பதிவானதும் இந்த அலைச்சல் குறைந்தது.

புகாரைச் செயலியில் நாமே பதியலாம். யுஏஇ பாஸ் என்ற அரசின் டிஜிட்டல் அடையாளக் கணக்கு இருந்தால் போதும். 80084 என்ற எண்ணில் கூப்பிட்டும் பதியலாம், நான் அப்படித்தான் செய்தேன். கட்டணம் எதுவும் இல்லை. இதைச் சொல்லக் காரணம், ஷார்ஜா ரோலாவில், அரசுப் படிவங்களை நிரப்பித் தரும் ஒரு டைப்பிங் சென்டரில் புகார் எழுதித் தர 1,500 திர்ஹம் கேட்டார்கள். மந்திரியிடம் ஆளிருக்கிறது என்றார்கள். எங்கள் கம்பெனிப் பையன்கள் இருவர் கடன் வாங்கிக் கட்டினார்கள். அவர்களுக்குக் கிடைத்தது நான் போனில் இலவசமாகப் பதிந்த அதே புகார் எண்தான். நீதிமன்றத்துக்குப் போனாலும், கேட்கும் தொகை 1,00,000 திர்ஹத்துக்குள் இருந்தால் தொழிலாளர் வழக்குக்கு நீதிமன்றக் கட்டணம் இல்லை.

ஆவணம் சேர்ப்பதில்தான் சிரமப்பட்டேன். சம்பளச் சீட்டுகள் எல்லாம் கம்பெனி மின்னஞ்சலில் இருந்தன. சர்வரை நிறுத்தியதும் அத்தனையும் போய்விட்டது. நல்லவேளையாக வேலை ஒப்பந்தத்தின் நகலை அமைச்சகச் செயலியிலேயே இறக்கிக்கொள்ள முடிந்தது. வங்கிக்குப் போய் ஸ்டேட்மென்ட் வாங்கினேன். மாதாமாதம் சம்பளம் ஏறியதும், பிப்ரவரிக்குப் பிறகு ஏறாமல் நின்றதும் அதில் தெளிவாகத் தெரிந்தது. அதுவே முக்கியச் சாட்சியாக நின்றது. இப்போது வேலை நன்றாக இருக்கும்போதே சம்பளச் சீட்டு, விடுப்பு ஒப்புதல், சம்பள உயர்வுக் கடிதம், இந்த மூன்றையும் உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி வையுங்கள். உங்கள் பெயரில் உள்ள தாள்களை மட்டும் அனுப்புங்கள். கம்பெனியின் வரைபடம், விலைப்பட்டியல் போன்றவற்றை எடுத்தால் அதுவே நம்மேல் வழக்காகத் திரும்பும்.

எவ்வளவு கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. துபாயில் இந்தியத் துணைத் தூதரகம் நடத்தும் பிரவாசி பாரதிய சகாயதா கேந்திரா என்ற உதவி மையம் இருக்கிறது. 800 46342 என்பது அவர்களின் இலவச எண். அங்கே சட்ட ஆலோசனைக்குக் காசு வாங்குவதில்லை. அங்கிருந்த ஆலோசகர் என் ஒப்பந்தத்தைப் பார்த்து ஒரு வெள்ளைத்தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். சம்பளப் பாக்கி நான்கு மாதம், 24,000. கிராஜுவிட்டி, அதாவது வேலை முடியும்போது தரும் பணிக்கொடை, முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் 21 நாள், அதற்குமேல் வருடம் 30 நாள், ஆக ஏழு வருடத்துக்கு 165 நாள் அடிப்படைச் சம்பளம், அது 19,250. எடுக்காத ஒரு மாத விடுப்புக்கு 3,500. கூட்டினால் 46,750. நோட்டீஸ் கொடுக்காமல் நிறுத்தியதற்கு ஒரு மாதச் சம்பளம் 6,000 கேட்கலாமே என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு, கேட்கலாம், ஆனால் மொத்தம் 50,000ஐத் தாண்டிவிடும் என்றார். 2024 ஜனவரியிலிருந்து 50,000 திர்ஹம் வரைக்குமான புகாரில் அமைச்சகமே முடிவு சொல்லலாம், அதற்கு நீதிமன்றத் தீர்ப்புக்குரிய வலு உண்டு. தாண்டினால், சமரசம் ஆகாதபோது நீதிமன்றத்துக்குப் போகும், நாள் இழுக்கும். கையில் காசில்லை, குடும்பத்தை இங்கே வைத்துக்கொண்டு இழுக்க முடியாது. அந்த 6,000ஐ விட்டேன். வீட்டில் இன்னும் சில மாதம் தாக்குப்பிடிக்க முடிந்தவர் வேறுமாதிரி முடிவெடுக்கலாம். ஆனால் இப்படி ஒரு கோடு இருக்கிறது என்று தெரிந்து முடிவெடுக்க வேண்டும்.

சமரசப் பேச்சுக்கு அமைச்சக அதிகாரி இரண்டு தரப்பையும் கூப்பிட்டார். கம்பெனி சார்பில் யாரும் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. முடிவு என் பக்கம் வந்தது, முழுத் தொகைக்கும். அந்தக் குறுஞ்செய்தி வந்த அன்று வீட்டில் பாயசம் வைத்தாள் மனைவி. பணமே கைக்கு வந்தது போல இருந்தது எங்களுக்கு. ஆனால் முடிவு கிடைப்பது வேறு, நிறைவேறுவது வேறு. பணத்தை வசூலித்துத் தரக் கேட்கும் நிறைவேற்று மனு போட்டு, கம்பெனியின் கணக்குகளைத் தேடினால் ஒன்றுமில்லை. வண்டிகள் வங்கியின் பெயரில். கிடங்கு வாடகைக் கட்டடம். எங்களுக்கு முன்னால் மரம் சப்ளை செய்தவர்களும் வங்கிகளும் வரிசையில் நின்றார்கள். அப்போதுதான் தொழிலாளர் பாதுகாப்புக் காப்பீடு பற்றித் தெரிந்தது. கம்பெனி ஆளெடுக்கும்போது ஒவ்வொருவருக்கும் வங்கி உத்தரவாதமோ இதற்கான காப்பீடோ வைத்திருக்க வேண்டும். கம்பெனியால் கொடுக்க முடியாது என்று உறுதியானால், காப்பீடு ஒரு ஆளுக்கு 20,000 திர்ஹம் வரை தரும். என் தொகையில் வந்த 20,000 அதுதான். வருவதற்கு மாதங்கள் ஆனது. இதற்கு நாம் தனியாகக் கேட்டு, பின்னாலேயே நடக்க வேண்டியிருந்தது. உங்கள் புகார் அதிகாரியிடம் காப்பீடு உண்டா, உத்தரவாதம் உண்டா என்று முதல் பேச்சிலேயே கேட்டுவிடுங்கள்.

இந்த மாதங்களில் வீடு எப்படி ஓடியது என்றும் சொல்ல வேண்டும். வாடகைக்கு நான்கு செக் கொடுத்திருந்தேன், ஒவ்வொன்றும் 7,000. ஜூனில் ஒன்று வங்கிக்குப் போக இருந்தது. 2022 ஜனவரிக்குப் பிறகு, பணமில்லாமல் செக் திரும்புவது பெரும்பாலும் போலீஸ் வழக்காவதில்லை. ஆனால் அந்தச் செக்கை வைத்து நேராக நிறைவேற்று நீதிமன்றத்துக்குப் போகலாம், பயணத் தடையும் வரலாம். எனவே செக் தேதிக்கு முன்னாலேயே ரியல் எஸ்டேட் ஆபீஸுக்குப் போய், புகார் எண்ணைக் காட்டி நிலைமையைச் சொன்னேன். 300 திர்ஹம் வாங்கிக்கொண்டு தொகையை இரண்டாகப் பிரித்து, தேதி தள்ளிப் புது செக் வாங்கிக்கொண்டார்கள். அந்த 300 கூட அப்போது பெரிய தொகைதான், ஆனால் அதற்குப் பிறகு நிம்மதியாக ஒரு வாரம் தூங்கினேன். மனைவியின் சங்கிலி ஊரில் அடகுக்குப் போனது. பள்ளிக்கூடத்தில் பாக்கியைத் தீர்த்தால்தான் மாற்றுச் சான்றிதழ் தருவார்கள் என்பதால் அடகுப் பணத்தில் முதல் செலவு அதுதான். என் விசா ரத்தாகும் முன் அவர்கள் இருவரின் விசாவும் ரத்தாக வேண்டும், ஆகவே கோடை விடுமுறையில், டிக்கெட் உச்சத்தில் இருக்கும் நேரத்தில், ஊருக்கு அனுப்பினேன். 'என்னங்க, நீங்க மட்டும் இங்க என்ன சாப்பிடுவீங்க?' என்று விமான நிலையத்தில் கேட்டாள். பலர் தங்கும் அறையில் ஒரு கட்டில் மட்டும் வாடகைக்கு எடுக்கும் பெட் ஸ்பேஸுக்கு மாறினேன். விசா ரத்தானால் மருத்துவக் காப்பீடும் போகும் என்பதால், அதற்கு முன் மகளுக்கு இருந்த பல் வைத்தியத்தை முடித்துவிட்டோம். சின்ன விஷயம்தான், ஆனால் ஊரில் கையைக் கடிக்காமல் இருந்தது.

வங்கியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. என்னோடு வேலை பார்த்த ஒரு எலக்ட்ரீஷியனுக்குக் காப்பீட்டுப் பணம் சம்பளக் கணக்கில் வந்தது. அதே வங்கியில் பெர்சனல் லோன் இருந்தது. வங்கி முழுத் தொகையையும் பிடித்து வைத்துக்கொண்டது. அவர் சாப்பாட்டுக்கு என்னிடம் 200 திர்ஹம் வாங்கினார். கடன் இருந்தால் வேலை போன செய்தி வங்கிக்குத் தானாகத் தெரியும் முன் நீங்களே போய்ப் பேசுங்கள். தவணையைத் தள்ளவும் குறைக்கவும் அவர்கள் ஒத்துக்கொள்வதுண்டு. கடனை அப்படியே விட்டு ஊருக்குப் போய்விடலாம் என்று சொல்பவர்கள் நிறைய. வழக்கு இங்கே காத்திருக்கும், மறுபடி எந்த வளைகுடா வேலைக்கு வந்து இறங்கினாலும் தொந்தரவு.

ஐஎல்ஓஇ விஷயத்துக்கு வருகிறேன். அடிப்படைச் சம்பளம் 16,000 வரை உள்ளவர்களுக்கு மாதம் 5 திர்ஹம்தான் கட்டணம். தொடர்ந்து குறைந்தது 12 மாதம் கட்டியிருக்க வேண்டும். மூன்று மாதத்துக்குமேல் கட்டாமல் விட்டால் பாலிசியே போய்விடும். வேலை போனபின் 30 நாளுக்குள் கோர வேண்டும். அடிப்படைச் சம்பளத்தில் 60 சதவீதம், அதிகபட்சம் மூன்று மாதத்துக்குத் தருவார்கள். கம்பெனியின் கையெழுத்து இல்லாமலே அமைச்சகம் வழியாக என் வேலை அனுமதி ரத்தான அன்றே, ரத்துத் தாளில் காரணம் என்னவென்று இருக்கிறது என்பதை முதலில் பார்த்தேன். ராஜினாமா என்று இல்லை. விண்ணப்பித்தேன், மாதம் 2,100 வந்தது. பெட் ஸ்பேஸ் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் அதுதான் ஓடியது. இடையில் வேலையில் சேர்ந்தாலோ நாட்டை விட்டுப் போனாலோ அது நின்றுவிடும், ஊருக்குப் போய் உட்கார்ந்து வாங்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

விசா ரத்தானபின் எத்தனை நாள் இங்கே இருக்கலாம் என்பது விசா வகையைப் பொறுத்து மாறுகிறது. அறையில் இருப்பவருக்கு அறுபது நாள் என்றால் உங்களுக்கும் அதே என்று நம்பக்கூடாது, உங்கள் எமிரேட்ஸ் ஐடி எண்ணைப் போட்டு அரசு தளத்திலேயே தேதியைப் பாருங்கள். தாண்டினால் ஒரு நாளுக்கு 50 திர்ஹம் அபராதம் ஏறும். எங்கள் ஆட்களில் சிலர் தேதி தாண்டி ஒளிந்திருந்தார்கள். 2024 செப்டம்பர் 1 முதல் பொதுமன்னிப்பு அறிவித்து, பிறகு டிசம்பர் 31 வரை நீட்டித்ததால் அபராதமில்லாமல் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். எப்போதும் அப்படி ஒரு கதவு திறக்கும் என்று இருக்க முடியாது. அதே மாதங்களில்தான் போலி வேலைக்காரர்களும் வருவார்கள். எனக்கே, ஆஃபர் லெட்டர் அனுப்பிவிட்டு விசா செலவுக்கு 3,000 திர்ஹம் கட்டச் சொல்லிப் போன் வந்தது. ஆளெடுக்கும் செலவு கம்பெனியைச் சேர்ந்தது, தொழிலாளியிடம் வாங்கச் சட்டத்தில் இடமில்லை. அமைச்சகத்திலிருந்து பேசுகிறோம், உங்கள் பணம் வந்திருக்கிறது, ஓடிபி சொல்லுங்கள் என்றும் ஒருவன் பேசினான். புகார் கொடுத்தவர்களின் எண் இவர்களுக்கு எங்கே கிடைக்கிறதோ தெரியவில்லை. எந்த அதிகாரியும் ஓடிபி கேட்பதில்லை.

ஊருக்குப் போய்விட்டவர்களுக்கு: தொழிலாளர் பாக்கி கேட்க முன்பு ஒரு வருடக் கெடு இருந்தது. 2024 ஆகஸ்ட் 31லிருந்து, வேலை முடிந்த நாளிலிருந்து இரண்டு வருடம் என்று ஆக்கியிருக்கிறார்கள். ஃபோர்மேன் அண்ணனுக்கு இதைச் சொல்லி, அவருடைய வங்கி ஸ்டேட்மென்ட்டை எடுக்க வைத்திருக்கிறேன். எல்லாம் பெற்றேன் என்ற கையெழுத்து இருந்தாலும், சம்பளம் ஏறவில்லை என்பது அதில் இருக்கிறது. என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும். ஃப்ரீ ஸோன் என்ற தனி நிர்வாகம் உள்ள தொழில் மண்டலக் கம்பெனியில் இருப்பவர்கள் முதலில் தங்கள் ஃப்ரீ ஸோன் அலுவலகத்தில்தான் புகார் கொடுக்க வேண்டும், நான் சொன்ன வழி அதற்கு வெளியே உள்ள மெயின்லேண்ட் கம்பெனிக்கு. உங்கள் விசா எந்த வகை என்று இன்றே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வருகிறவர்கள் ஆஃபர் லெட்டரில் மொத்தச் சம்பளத்தைப் பார்த்து நின்றுவிடாதீர்கள். கிராஜுவிட்டியும் வேலையிழப்புக் காப்பீடும் அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான். எனக்கு அதே 6,000ல் அடிப்படை 4,500 என்று இருந்திருந்தால் கிராஜுவிட்டி மட்டும் 24,750 ஆகியிருக்கும். இப்போது சேர்ந்திருக்கும் கம்பெனியில் சம்பளத்தைவிட அதைப் பற்றித்தான் அதிகம் பேசினேன், மொத்தத்தில் 300 திர்ஹம் குறைத்துக்கொண்டு அடிப்படையைக் கூட்டி வாங்கினேன். கையெழுத்துப் போடும்போது ஆஃபர் லெட்டரில் இருக்கும் அதே தொகை அமைச்சகத்தில் பதியும் ஒப்பந்தத்திலும் இருக்கிறதா என்று வரிக்கு வரி ஒத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் விமானம் ஏறும் முன்பே கேட்டுவிடுங்கள்.